சென்னை காசநோய் வீட்டுச் சிகிச்சை ஆய்வு

சென்னை காசநோய் வீட்டுச் சிகிச்சை ஆய்வு என்பது, நுரையீரல் காசநோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொள்வதும், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதும் ஒரே அளவில் பயன் தருமா என்பதை அறிய 1956 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். பன்னாட்டு மருத்துவ நூல்களில் இது "மதராஸ் ஆய்வு" என்ற பெயரில் அறியப்படுகின்றது. இதன் முதல் முடிவுகள் 1959 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. காசநோயாளிகளை மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க வைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் கைவிடப்பட இந்த ஆய்வு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.

ஏழை நோயாளி ஒருவர் நெரிசல் மிகுந்த தன் வீட்டிலேயே, போதிய ஓய்வும் நல்ல உணவும் இன்றி, குணமடைய முடியுமா? அவருடன் வாழும் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? இவ்விரு கேள்விகளுக்கும் இந்த ஆய்வு விடை தேடியது. அது தந்த விடை பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றும் பொருந்துகின்றது. எனினும் உணவு, கடும் நோயாளிகளின் நிலை, மருத்துவப் பணியாளர்களின் நலம் ஆகியவை பற்றிப் பின்னாளில் வேறு ஆய்வுகள் தேவைப்பட்டன.

பின்னணி

காசநோய்

காசநோய் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிசு என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் தொற்றுநோய் ஆகும். எலும்புருக்கி நோய், சயரோகம் என்பன இதன் பழைய பெயர்கள். செருமானிய அறிவியலாளர் இராபர்ட் கோக் இக்கிருமியைக் கண்டறிந்ததை 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்று ஏற்படலாம். ஆனால் தொற்று ஏற்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரின் உடலில் கிருமி உறங்குநிலையில் கிடக்கின்றது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறையும்போது அது நோயாக வெளிப்படக்கூடும். ஊட்டக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி தொற்று, புகைப்பழக்கம் முதலியவை இதற்கு வாய்ப்பைக் கூட்டுகின்றன.

சானடோரியங்கள்

மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் தூய காற்று, நீண்ட ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே காசநோய்க்குச் சிகிச்சையாகக் கருதப்பட்டன. இவற்றை வழங்குவதற்காக ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடங்களில் சானடோரியங்கள் கட்டப்பட்டன. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதால் பிறருக்குத் தொற்றாது என்பதும் இவற்றின் நோக்கமாக இருந்தது.

தமிழ்நாட்டில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928 ஆம் ஆண்டு தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தை நிறுவினார். இவர் அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை இராமானுசன் அங்கு இவரிடம் சிகிச்சை பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. தாம்பரம் சானடோரியத்தை 1937 ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. அருகிலுள்ள தொடருந்து நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே அழைக்கப்படுகின்றது. பெருந்துறையிலும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியிலும் பெரிய சானடோரியங்கள் இயங்கின.

ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் இடையே மிகப் பெரிய இடைவெளி இருந்தது. 1955 முதல் 1958 வரை நடைபெற்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, நாட்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேரின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாகக் காட்டியது. அக்கால மக்கள்தொகைக்கு இது பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குறிக்கும். இவர்களுள் மிகச் சிலருக்கே படுக்கை கிடைத்தது.

படுக்கை கிடைத்தாலும் சிக்கல் தீரவில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பாஞ்சாலங்குறிச்சி போன்ற ஒரு சிற்றூரின் விவசாயக் கூலிக்கோ, தூத்துக்குடியின் உப்பளத் தொழிலாளிக்கோ தாம்பரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. குடும்பத்தில் உழைப்பவர் ஓராண்டு வெளியூரில் தங்கினால் வீட்டில் அடுப்பெரியாது. தாய் நோயுற்றால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. எனவே சானடோரியம் இன்றிக் குணப்படுத்த இயலுமா என்ற கேள்வி, இந்தியா போன்ற நாடுகளுக்கு உயிர்நிலையான கேள்வியாக இருந்தது.

மருந்துகள்

1940களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இசுட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே பத்தாண்டில் சுவீடனைச் சேர்ந்த யோர்கன் இலேமன் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தைக் (பாசு) காசநோய்க்குப் பயன்படுத்தினார். 1952 ஆம் ஆண்டு ஐசோனியாசிடு பயன்பாட்டிற்கு வந்தது. இது விலை குறைந்தது, மாத்திரையாக விழுங்கக்கூடியது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றது என்பதும், இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்பதும் இக்காலத்தில் தெளிவாயின.

விழுங்கும் மாத்திரைகள் வந்துவிட்டதால், அவற்றை வீட்டிலேயே விழுங்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. ஆயினும் ஓய்வும் உணவும் இன்றி மருந்து மட்டும் போதும் என்பதற்கு அப்போது சான்று எதுவும் இல்லை.

ஆய்வு மையம்

இவ்வினாவை ஆராய்வதற்காக 1956 ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இணைந்து இதை நிறுவின. தொடக்கத்தில் இது ஐந்தாண்டுத் திட்டமாகவே கருதப்பட்டது. பிரித்தானிய மருத்துவர் வாலசு பாக்சு முதல் ஐந்தாண்டுகள் இங்கு ஆய்வை வழிநடத்தினார். இந்திய மருத்துவர்கள், நுண்ணுயிரியலாளர்கள், உயிர்வேதியியலாளர்கள், புள்ளியியலாளர்கள், செவிலியர்கள் ஆகியோர் ஒரே குழுவாகப் பணியாற்றினர்.

இம்மையம் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நிலையான நிறுவனமாயிற்று. 1978 ஆம் ஆண்டு காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011 ஆம் ஆண்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

ஆய்வு முறை

நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தல்

சென்னை நகரில் வாழ்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இவர்களுட் பெரும்பாலோர் ஏழைகள். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்தவர்கள். இவர்களுள் யார் வீட்டில் சிகிச்சை பெறுவது, யார் சானடோரியத்திற்குச் செல்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் அது முடிவு செய்யப்பட்டது.

இம்முறை ஏன் தேவை என்பதை எளிதில் விளக்கலாம். மருத்துவரே பிரித்திருந்தால், நோய் முற்றியவர்களை அவர் சானடோரியத்திற்கு அனுப்பியிருக்கக்கூடும். அப்போது வீட்டுக் குழு நன்றாகத் தேறினாலும், அது சிகிச்சையின் பயனா அல்லது நோய் குறைவாக இருந்ததன் பயனா என்று கூற இயலாது. சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களும் எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒத்திருக்கும். 1948 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான இசுட்ரெப்டோமைசின் ஆய்வு இம்முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியது.

நோயறிதல்

நோயறிதல் மூன்று சோதனைகளைச் சார்ந்திருந்தது.

சளிப்பூச்சுச் சோதனை: சளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தல். சில மணி நேரத்தில் முடிவு தெரியும். ஆனால் கிருமிகள் குறைவாக இருந்தால் தென்படா.

வளர்ப்புச் சோதனை: சளியிலுள்ள கிருமியை ஊட்டக்கூழில் வளர்த்துக் காணல். மிகத் துல்லியமானது. ஆயினும் காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவதால் ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

எக்சு கதிர்ப் படம்: நுரையீரலில் நோய் பரவியுள்ள அளவையும் குழிகளையும் காட்டும்.

சளியில் கிருமி இல்லாமற்போவதே குணமடைந்ததன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நோயாளி தேறியதாகத் தோன்றுவதையோ எடை கூடியதையோ மட்டும் வைத்து முடிவு செய்யப்படவில்லை. இதற்காக மையத்திலேயே ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது.

சிகிச்சையும் கண்காணிப்பும்

இரு குழுவினருக்கும் ஐசோனியாசிடு, பாசு ஆகிய ஒரே மருந்துகள் ஓராண்டு காலம் நாள்தோறும் வழங்கப்பட்டன. வேறுபாடு இடத்திலும் வாழ்முறையிலும் மட்டுமே இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் படுக்கை ஓய்வும், காற்றோட்டமான கூடங்களும், செவிலியர் கவனிப்பும், சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் மையத்திற்கு வந்து மருந்தைப் பெற்றுச் சென்றனர். அவர்களுட் பலர் வேலைக்கும் சென்றனர். வீட்டு வேலைகளையும் செய்தனர்.

பாசு மருந்தை நாளொன்றுக்குப் பல கிராம் அளவில் உட்கொள்ள வேண்டும். அது வயிற்றைப் புரட்டும் தன்மை கொண்டது. இருமலும் காய்ச்சலும் நின்றவுடன் நோயாளி மருந்தை நிறுத்திவிட விரும்புவது இயல்பு. எனவே வீட்டிலிருப்பவர் உண்மையாகவே மருந்து உட்கொள்கின்றாரா என்பதை அறிவது ஆய்வின் அடிப்படைத் தேவையாக இருந்தது. செவிலியர்களும் நலப் பணியாளர்களும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சியுள்ள மருந்தை எண்ணிப் பார்த்தனர். சிறுநீரைச் சேகரித்து அதில் மருந்தின் சுவடு உள்ளதா எனச் சோதித்தனர். வராதவர்களைத் தேடிச் சென்று பேசி அழைத்து வந்தனர். ஆய்வின் வெற்றியில் மருந்துகளுக்கு உள்ள பங்கு இப்பணியாளர்களுக்கும் உண்டு எனலாம்.

முடிவுகள்

ஓராண்டு முடிவில் சளியில் கிருமி நீங்கி நோய் தணிந்தவர்களின் அளவு பின்வருமாறு:

வீட்டுச் சிகிச்சை: 86 விழுக்காடு
சானடோரியச் சிகிச்சை: 92 விழுக்காடு

இவ்வளவு சிறிய வேறுபாடு, இத்தனை நோயாளிகள் கொண்ட ஆய்வில் தற்செயலாகவும் ஏற்படக்கூடியது. எனவே வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சானடோரியச் சிகிச்சைக்கு இணையானது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். நோயாளிகள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டபோது இரு குழுக்களிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நோய் தணிந்த நிலையில் இருந்தனர்.

உணவு பற்றிய ஒப்பீடும் வியப்பளிப்பதாக இருந்தது. வீட்டுக் குழுவினரின் உணவு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்துகள் ஆகிய எல்லாவற்றிலும் சானடோரிய உணவைவிடக் குறைந்திருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களே கூடுதலாக எடை பெற்றனர். ஆயினும் கிருமி நீங்குவதில் இரு குழுக்களும் ஒத்திருந்தன. தகுந்த மருந்துகள் கிடைத்தால் உணவுக்குறைவு குணமடைவதைத் தடுக்கவில்லை என்பதே இதன் பொருள்.

குடும்பத்தினர் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்தது. இரு குழு நோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்தவர்களும் ஐந்தாண்டுகள் கவனிக்கப்பட்டனர். இம்முடிவுகள் 1966 ஆம் ஆண்டு வெளியாயின. நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு, அவர் மருந்தின்றி இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே குடும்பத்தினருக்குப் பெரும்பாலும் தொற்று ஏற்பட்டுவிடுகின்றது. சிகிச்சை தொடங்கியபின் அவரால் பரவும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே நோயாளியைப் பிரித்து வைப்பதைவிட, விரைவில் நோயைக் கண்டறிவதே குடும்பத்தைக் காக்கும் வழி என்று தெளிவாயிற்று.

தாக்கம்

1960களில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுக்கள் வீட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தன. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1962 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், மாவட்ட மையங்களின் வழியாக வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டது. பல நாடுகளில் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன அல்லது பொது மருத்துவமனைகளாக மாறின. தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்ந்தது. 1990கள் முதல் எச்.ஐ.வி தொற்றுள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதிலும் நாட்டின் முன்னணி நிலையமாக விளங்கியது.

சென்னை மையம் பின்னரும் பல ஆய்வுகளை மேற்கொண்டது. வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து அளிப்பது, நாள்தோறும் வீட்டில் தாமே உட்கொள்வதற்குக் குறைந்ததன்று என்று 1964 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மருந்து உட்கொள்வதைப் பணியாளர் நேரில் பார்க்கும் முறைக்கு (டாட்சு) இது ஒரு முன்னோடி ஆகும். ரிபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மருந்துகளைக் கொண்டு சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் ஆய்வுகளிலும் மையம் பங்கேற்றது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த சிகிச்சை இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதங்களாகக் குறைந்துள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 ஆம் ஆண்டு தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, அத்தடுப்பூசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு ஏற்படும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது பாதுகாப்பளிப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் இடப்படுகின்றது.

நடைமுறைச் சிக்கல்கள்

ஆய்வில் கிடைத்த வெற்றி நாடு முழுவதும் அப்படியே கிடைக்கவில்லை. ஆய்வு மையத்தில் மருந்து ஒருநாளும் தீர்ந்துபோகவில்லை; வராதவர்களைத் தேடிச் செல்ல ஆட்கள் இருந்தனர். மாவட்டங்களில் இவ்விரண்டும் குறைவாகவே இருந்தன. தேசியக் காசநோய்த் திட்டத்தை 1992 ஆம் ஆண்டு மதிப்பிட்ட குழு, சிகிச்சையைத் தொடங்கியவர்களுட் பாதிக்கும் குறைவானோரே அதை முறையாக முடிப்பதாகக் கண்டது. பாதியில் நின்ற சிகிச்சை நோயாளிக்கு மட்டுமன்றி ஊருக்கும் தீங்கு. எஞ்சிய கிருமிகள் மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுப் பிறருக்கும் பரவுகின்றன. இதனால் திட்டம் திருத்தியமைக்கப்பட்டு 1997 ஆம் ஆண்டு டாட்சு முறை தொடங்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் அது நாடு முழுவதும் விரிவடைந்தது.

வீட்டுச் சிகிச்சை என்பது நோயாளியிடம் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது அன்று. சானடோரியத்தின் கூடங்களில் செய்யப்பட்ட கவனிப்பை வீடுவீடாகச் சென்று செய்வதே அது. இதற்குச் செலவு குறைவு. ஆனால் செலவின்றி நடக்காது.

உணவு குறித்த மறுபார்வை

சென்னை ஆய்வின் உணவு பற்றிய முடிவு நெடுங்காலம் மிகையாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மருந்து இருந்தால் உணவு பொருட்டன்று என்று பலர் அதற்குப் பொருள் கொண்டனர். ஆய்வு கூறியதோ, மருந்து பெறுபவரின் சளியில் கிருமி நீங்குவதைப் பற்றி மட்டுமே. இறப்பு, உடல் வலிமை, குடும்பத்தினருக்கு நோய் வருதல் ஆகியவற்றில் உணவின் பங்கு தனியே ஆராயப்பட வேண்டியதாயிற்று.

இக்குறையைச் சார்க்கண்டு மாநிலத்தில் நடைபெற்ற ரேசன்சு ஆய்வு நிறைவு செய்தது. 2023 ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில் சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோகிராம் உணவுப் பொருட்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தினர் 10,345 பேர் இரு பிரிவாகக் கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோகிராம் அரிசியும் 1.5 கிலோகிராம் பருப்பும் உயிர்ச்சத்து மாத்திரைகளும் அளிக்கப்பட்டன. அப்பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளுக்கு இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்திய அரசு 2018 ஆம் ஆண்டு முதல் நோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. இத்தொகை 2024 ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மருத்துவப் பணியாளர்களின் நலம்

நோயாளியின் குடும்பத்தினருக்கு உள்ள ஆபத்து 1950களிலேயே ஆராயப்பட்டது. அவருக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு உள்ள ஆபத்து இந்தியாவில் நெடுங்காலம் கவனம் பெறவில்லை. எல்லோருக்கும் எங்கேனும் தொற்று ஏற்பட்டே தீரும் என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம்.

2005 ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் சேவாகிராமத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 726 பணியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு வெளியானது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் உறங்குநிலைத் தொற்று காணப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011 ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்குப் (7.8 விழுக்காடு) புதிதாகத் தொற்று ஏற்பட்டது. பொதுமக்களிடையே நாட்டளவில் மதிப்பிடப்பட்ட ஆண்டுத் தொற்று அளவு ஏறத்தாழ 1.5 விழுக்காடு ஆகும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பயிற்சிக்கு வரும் மாணவிகள் நோயாளியின் அருகில் நெடுநேரம் நின்று பணிபுரிவதன் விலை இது.

பணியாளர்களைக் காக்கும் வழிகளுட் பல எளியவை:

இருமலுடன் வருபவரைக் காத்திருக்க வைக்காமல் முதலில் பார்த்தல். அவருக்கு முகமூடி வழங்குதல்.
காத்திருக்கும் இடங்களிலும் கூடங்களிலும் சன்னல்களைத் திறந்து வைத்தல். பழைய சானடோரியங்களின் உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் இவ்வகையில் இன்றும் பொருந்துபவை.
சளியைத் திறந்த வெளியில் சேகரித்தல். ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புப் பெட்டியினுள் கையாளுதல்.
நெருங்கிப் பணிபுரிவோர் நுண்துகள் வடிகட்டும் முகமூடி அணிதல்.
பணியாளர்களைக் குறித்த கால இடைவெளியில் பரிசோதித்தல். நோயுற்றால் ஊதிய இழப்பின்றி விடுப்பு அளித்தல்.

இந்தியாவில் காற்றுவழித் தொற்றுக் கட்டுப்பாட்டு வழிகாட்டுதல்கள் 2010 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. இறுதியாகக் கூறப்பட்ட வழி பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. நோய் வந்ததை வெளியே சொன்னால் வேலை போகும் அல்லது விலக்கி வைப்பார்கள் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் பணியாளரும் நோயை மறைக்கவே செய்வார். அவ்வாறு மறைக்கப்படும் நோய் நோயாளிகளுக்கும் சக பணியாளர்களுக்கும் பரவும். மேலும் ஒரு பணியாளருக்கு அளவுக்கு மீறிய நோயாளிகளை ஒதுக்கினால், வராதவரைத் தேடிச் செல்லும் பணியே முதலில் கைவிடப்படும். வீட்டுச் சிகிச்சை முறை நிற்பது அப்பணியின் மீதே ஆகும்.

தமிழ்நாட்டில் பிற்கால வளர்ச்சிகள்

நோயறிதல் இன்று பெரிதும் மாறியுள்ளது. மரபணுவைப் பெருக்கிக் கிருமியைக் காணும் கருவிகள் சில மணி நேரத்திலேயே நோயையும், ரிபாம்பிசின் எதிர்ப்பாற்றல் உள்ளதா என்பதையும் காட்டிவிடுகின்றன. ஜீன் எக்சுபர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 ஆம் ஆண்டு ஏற்றது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட ட்ரூநாட் கருவி 2020 ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. பின்னது மின்கலத்தால் இயங்குவதால் சிற்றூர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஏற்றது.

பல மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற காசநோய்க்கும் சிகிச்சை எளிதாகியுள்ளது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 165 நோயாளிகளிடம் நடைபெற்ற ஆய்வில், பெடாகுயிலின் உள்ளிட்ட விழுங்கும் மருந்துகள் மட்டுமே ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வழங்கப்பட்டன. மதிப்பிடப்பட்டவர்களுள் ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் தேறினர். முன்பு இந்நோயாளிகளுக்கு ஒன்றரை ஆண்டிற்கும் மேலாக ஊசி மருந்துகளுடன் சிகிச்சை தேவைப்பட்டது.

2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநில அரசும் இணைந்து இதை வகுத்தன. காசநோயால் இறப்பவர்களுட் பெரும்பாலோர் நோய் கண்டறியப்பட்ட முதல் இரு மாதங்களுக்குள் இறக்கின்றனர் என்பது இதன் அடிப்படை. தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில், நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரிடமும் பின்வருவன சோதிக்கப்படுகின்றன:

உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழ் உள்ளதா. 16க்குள் இருந்து கால் வீக்கம் உள்ளதா
நிமிடத்திற்கு 24க்கு மேல் மூச்சு வாங்குகின்றதா
குருதியில் உயிர்வளி நிறைவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் உள்ளதா
பிறர் உதவியின்றி நிற்க இயலவில்லையா

இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் அவர் விரிவாக மதிப்பிடப்பட்டு, கடும் நோயாளி என உறுதியானால் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றார். அங்கு அவருக்கு உயிர்வளியும் சிறப்பு ஊட்ட உணவும் அளிக்கப்பட்டு, தேறியபின் வீட்டுச் சிகிச்சை தொடர்கின்றது. எடை பார்க்கும் கருவி, உயரக் கோல், விரலில் மாட்டும் உயிர்வளி அளவி ஆகியவையே இச்சோதனைகளுக்குப் போதும் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே இவற்றைச் செய்ய முடிகின்றது.

இத்திட்டம் 1956 ஆம் ஆண்டு ஆய்வுக்கு முரணானது அன்று. அதன் தொடர்ச்சியே ஆகும். பெரும்பாலோர்க்கு வீடு போதும் என்று அன்று நிறுவப்பட்டது. யாருக்கு வீடு போதாது என்பதை எளிய அளவைகளால் பிரித்தறிவது இன்று நடைபெறுகின்றது.

இன்றைய நிலை

2025க்குள் காசநோயை ஒழிப்பது என்ற இந்தியாவின் இலக்கு எட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் 2015 ஆம் ஆண்டில் இலட்சத்திற்கு 237 ஆக இருந்து 2024 ஆம் ஆண்டில் 187 ஆகக் குறைந்துள்ளனர். இது 21 விழுக்காட்டுக் குறைவு ஆகும்.

இரு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் குருதி ஆகியவை காசநோயின் முதன்மை அறிகுறிகள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிச் சோதனையும் மருந்துகளும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. சென்னை ஆய்வு காட்டியபடி, குடும்பத்திற்கு ஆபத்தான காலம் சிகிச்சை பெறும் காலம் அன்று. சோதனைக்குச் செல்லாமல் தள்ளிப்போடும் காலமே ஆகும்.